அடுத்த தவணை எப்போது? கணினியின் கணிப்பும் வியாபாரியின் கவனமும்

இன்று நடுத்தரக் கடைகளில்கூட இரவு 11 மணிக்குக் கணக்குப் பிரதி எடுப்பது, மாதம் பிறந்ததும் வாடிக்கையாளருக்கு நிலுவை அறிவிப்பு அனுப்புவது போன்ற வேலைகளைக் கணினியே செய்துவிடுகின்றது. இவ்வேலைகளுக்கு நேரம் குறிக்கும் முறைக்கு 'கிரொன்' என்று பெயர். 1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இது இடம்பெற்றிருந்தது.

கிரொன் கட்டளையில் ஐந்து இடங்கள் உள்ளன. நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை என்பனவே அவை. அக்கட்டளையை வாசித்து, 'இந்த வேலை அடுத்து எப்போது நடைபெறும்?' என்று கணித்துச் சொல்வதற்குத் தனியான மென்பொருள் நூலகங்கள் உள்ளன. பைத்தன் மொழியில் பலரும் பயன்படுத்தும் 'கிரொனிட்டர்' அவற்றுள் ஒன்று. நூலகம் என்றால், பிற மென்பொருட்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தப் பகுதி. டெபியன் போன்ற இயங்குதளங்கள் இவற்றைப் பொதிகளாகக் கட்டித் தருகின்றன. நமது கணக்கு மென்பொருளுக்குள் இத்தகைய நூலகம் இருப்பது முதலாளிக்குத் தெரியாமலே இருக்கலாம்.

கணிப்பு எங்கே பிசகும்?

முதலாவது, கிழமையும் திகதியும். மாதத்தின் 1ஆம் திகதி வெள்ளிக்கிழமையாக அமைந்தால் மட்டும் ஓர் அறிக்கை வர வேண்டும் என்று எண்ணி ஒருவர் இரண்டையும் குறிக்கிறார் என வைத்துக்கொள்வோம். வழமையான கிரொன் விதிப்படி, இரண்டில் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே வேலை நடைபெறும். ஆகவே ஒவ்வொரு 1ஆம் திகதியும், அதற்கு மேலாக எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் அறிக்கை வரும். கடன்காரருக்கு மாதம் ஒரு முறை போக வேண்டிய நினைவூட்டல் வாரந்தோறும் போனால், பல வருட உறவு முறிந்துவிடும்.

இரண்டாவது, மாத முடிவு. 31ஆம் திகதி என்று குறித்தால், பெப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்களில் வேலை நடைபெறாது.

மூன்றாவது, நாட்டு நேரம். இலங்கை 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. அவ்வருடம் ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தது. 2006 ஏப்ரல் 15இல் மீண்டும் பழைய ஐந்தரை மணிக் கணக்குக்குத் திரும்பியது. பழைய நேரத் தரவையே வைத்திருக்கும் கணினி அரை மணி நேரம் பிசகிக் கணிக்கும். லண்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அதிகாலை 1 மணி நேரடியாக 2 மணியாகின்றது. அன்று ஒன்றரை மணி என்பதே கிடையாது. ஒக்டோபர் கடைசி ஞாயிறில் அதே ஒன்றரை மணி இரு தடவை வருகின்றது. அங்குள்ள கொள்வனவாளருக்கு அந்நேரப்படி அனுப்பும் ஏற்றுமதியாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது, நமது நாட்காட்டி. கிரொனுக்கு ஹிஜ்ரி மாதமும் தெரியாது, போயா விடுமுறையும் தெரியாது. ஸகாத் கணக்கின் ஆண்டு நிறைவையோ, வங்கி திறக்கும் அடுத்த நாளையோ அதன் கையில் மட்டும் ஒப்படைக்க முடியாது.

புதுப்பிக்கும்போது

இத்தகைய பிழைகளை நூலகத்தின் புதிய பதிப்புகள் காலத்துக்குக் காலம் திருத்துகின்றன. ஆனால், பழைய பிழைக்கு ஏற்றவாறு நமது மென்பொருள் எழுதப்பட்டிருந்தால், திருத்தம் வந்ததும் அது தடம் மாறலாம். எனவே புதுப்பிக்காமலும் இருக்கலாகாது, கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிக்கவும் கூடாது.

கணினிக்காரரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். தானாக நடைபெறும் வேலைகள் அனைத்தையும் சாதாரணத் தமிழில் பட்டியலிட்டுத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஒரு வருடத்துத் திகதிகளைப் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் எடுத்து, இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் காரணம் தெரியும்வரை பொறுத்திருங்கள். முழுப் பிரதி எடுத்த பின்னர், மாத முடிவோ சம்பள நாளோ அல்லாத ஒரு நாளில் மாற்றுங்கள். நேரத் தரவும் புதியதுதானா என்று சேர்த்துக் கேளுங்கள்.

இந்நூலகங்களுள் பல, இலவசமாக உழைக்கும் ஒரு சிலரால் பராமரிக்கப்படுபவை. அவர்கள் ஒதுங்கிவிட்டால் திருத்தங்கள் நின்றுவிடும். ஆகவே பராமரிப்பவர் இருக்கின்றாரா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது விசாரிப்பது நல்லது.

கடனின் தவணையை எழுதி வைக்குமாறு அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குப் பணிக்கின்றது. ஏட்டில் எழுதினாலும் கணினியில் எழுதினாலும் தவணை ஓர் அமானிதமே. கணிப்பதைக் கணினி செய்யட்டும், அதைச் சரிபார்க்கும் பொறுப்பு முதலாளியுடையது.