உயரத்தில் வேலை: விழாமல் காப்போம், விழுந்தால் முதுகெலும்பைக் காப்போம்

போடிநாயக்கனூரிலும் ஏலமலைச் சரிவுகளிலும் மரம் ஏறாமல் விவசாயம் இல்லை. தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஏலத்தோட்டத்தின் நிழல் மரங்களைக் கவாத்து செய்ய வேண்டும். பனிக்காலம் முடியும் முன் மிளகு பறிக்க வேண்டும். கோடையில் அடிவாரத் தோப்புகளில் இலவங்காய் இறக்க வேண்டும். இவ்வேலைகளில் நேரும் விபத்துகளைப் பற்றி நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே விளக்குகிறோம்.

விழும்போது என்ன நேர்கிறது?

20 அடி உயரத்திலிருந்து விழுபவர் ஏறத்தாழ 1 நொடியில் தரையைத் தொடுகிறார். அப்போது அவரது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர் அளவில் இருக்கும். 10 அடியிலிருந்து விழுந்தாலும் அது 27 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆகவே, "கொஞ்ச உயரம்தானே" என்று எண்ணுதல் தவறு.

விலா எலும்புகளோடு பிணைந்த மார்பு முதுகெலும்பு அதிகம் அசைவதில்லை. இடுப்பு முதுகெலும்பு நன்கு வளையும். இவ்விரண்டும் கூடும் இடத்தில்தான் விழுந்த விசை குவிகிறது. முறிவும் அங்கேயே மிகுதியாக ஏற்படுகிறது. காலூன்றி விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்குவதோடு முதுகெலும்பும் முறிந்திருக்கக்கூடும். எனவே குதிகால் வலி என்று வருவோருக்கும் நாங்கள் முதுகைப் பரிசோதிக்கிறோம்.

ஏறுவதற்கு முன்

ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தோடு கயிற்றால் கட்டிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். கட்டி முடியும் வரை கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். இருகால் ஏணியானால், 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் அடிப்பகுதி தள்ளி நிற்க வேண்டும். கல்யாண முருங்கை, இலவம் போன்ற மென்மரக் கிளைகளை நம்பி நிற்கலாகாது. மழையில் நனைந்து பாசி படர்ந்த மரத்தில் ஏறுவதைத் தள்ளிப்போடுவதே நலம். மின்கம்பி அருகில் அலுமினிய ஏணியையோ தொரட்டியையோ எடுத்துச் செல்லக் கூடாது.

இடுப்பில் மட்டும் கட்டும் கயிறு, விழும்போது வயிற்றையும் முதுகையும் நெரிக்கும். தோளையும் தொடையையும் தாங்கும் முழுவுடல் பாதுகாப்புப் பட்டையே ஏற்றது. அதன் கயிற்றை ஏணியில் கட்டாமல், தலைக்கு மேலுள்ள உறுதியான மரப்பகுதியில் கட்ட வேண்டும். பட்டையில் அசைவின்றித் தொங்குபவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். எனவே தனியாக ஏறவே கூடாது.

வலிப்பு நோய் உள்ளவர்கள் உயரத்தில் வேலை செய்தல் தகாது. சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோர் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரை, தூக்கம் தரும் சளி மாத்திரை ஆகியவற்றால் தலைசுற்றல் உண்டாகலாம். மருத்துவரிடம் உங்கள் தொழிலைத் தவறாமல் கூறுங்கள். மது அருந்தியவரை ஏற விடாதீர்கள்.

ஒருவர் விழுந்துவிட்டால்

அவரைத் தூக்கி உட்கார வைப்பதும், நடக்கச் செய்வதும், கம்பளியில் தூளிபோல் கட்டிச் சுமப்பதும், ஜீப் இருக்கையில் மடக்கி ஏற்றுவதும் பெருந்தீங்கு விளைவிக்கலாம். எலும்பு மட்டும் முறிந்த நிலையில், தண்டுவடம் சிதையாமல் இருக்கலாம். முறையற்ற அசைவு அதனையும் சிதைத்துவிடும்.

படுத்த நிலையிலேயே வைத்து, தலையையும் கழுத்தையும் இரு கைகளால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இரத்தம் பெருகினால் துணியால் அழுத்துங்கள். தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் இவ்வெண் உண்டு. போடிமெட்டுக்கு எந்தப் பக்கம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வண்டி வர இயலாத இடமானால், தலை, தோள், இடுப்பு, கால் அனைத்தையும் ஒருசேரத் திருப்பி, அகலமான பலகையில் கிடத்திக் கட்டி, பலர் சேர்ந்து சுமக்க வேண்டும். மூச்சு நிற்கும் நிலையிலும், வாந்தியால் மூச்சடைக்கும் நிலையிலும் சுவாசத்தைக் காப்பதே முதற்கடமை.

எழுந்து நடந்தவரும் அன்றே பரிசோதனைக்கு வர வேண்டும். தலைக்குள் இரத்தக் கசிவு இருந்தால், முதலில் நன்றாகப் பேசியவர் சில மணி நேரத்தில் மயங்கலாம். வாந்தி, தூக்கக் கலக்கம், கால் மரத்தல், சிறுநீர் பிரியாமை, வயிறு உப்புதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள்.

வீட்டில் பராமரிப்போருக்கு

தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு உணர்ச்சியற்ற பகுதியில் புண் உண்டாவது தெரியாது. படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். இடுப்பு, குதிகால் தோலை நாள்தோறும் பாருங்கள். சிறுநீர் கலங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே அழைத்து வாருங்கள்.

வாழ்க்கை அத்துடன் முடிவதில்லை. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி எண்ணற்றோருக்கு மறுவாழ்வு அளித்தார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மறுவாழ்வுப் பயிற்சியை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை. எனினும், கயிறு கட்டச் செலவாகும் ஐந்து நிமிடங்கள் எந்தச் சிகிச்சையினும் சிறந்தவை. வேலைக்குச் செல்பவரிடம் இன்றே இதனைக் கூறுங்கள்.