உறைநிலைக்கு மேலேயே உறையும் 'ஐஸ்': கடலடி கேஸ் குழாய்க்குள்ள கிளைகால் என்ன வேலை பார்க்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு தோல்வியில இருந்து ஆரம்பிப்போம்.

2010 மே மாதம், மெக்சிகோ வளைகுடா. முந்தின மாதம் 20-ஆம் தேதி டீப்வாட்டர் ஹொரைஸன் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்துபோனாங்க. கடலுக்கு அடியில, சுமார் 1,500 மீட்டர் ஆழத்துல, எண்ணெயும் கேஸும் கொட்டிக்கிட்டே இருந்தது. பிபி நிறுவனம் சுமார் நூறு டன் எடையுள்ள ஒரு பெரிய கூண்டை அந்தக் கசிவு மேல கவிழ்க்கப் பார்த்தது. கூண்டோட உச்சியில இருக்கிற துளை வழியா எண்ணெயைக் கப்பலுக்குக் கொண்டுபோகலாம் என்பதுதான் திட்டம்.

கூண்டு சரியாத்தான் இறங்கியது. ஆனா உள்ளே வெள்ளையா, ஐஸ் மாதிரி ஒரு பொருள் படிந்து துளையை அடைத்துவிட்டது. அது தண்ணீரைவிட லேசு என்பதால் அத்தனை பெரிய கூண்டையே மேலே தூக்கப் பார்த்தது. திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. அந்த வெள்ளைப் பொருளின் பெயர்தான் ஹைட்ரேட்.

இது ஐஸ் இல்லையா?

பார்த்தா ஐஸ்தான். தீக்குச்சியைக் காட்டினா எரியும்!

தண்ணீர் மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து ஒரு சின்னக் கூடு கட்டிக்கும். அந்தக் கூட்டுக்குள்ள ஒரு மீத்தேன் மூலக்கூறு உட்கார்ந்திருக்கும். ரெண்டுக்கும் நடுவுல வேதிப்பிணைப்பு எதுவும் கிடையாது. ஆனா உள்ளே ஆள் இருக்கிற வரைக்கும்தான் கூடு நிக்கும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டுக்குள்ள சாதாரண அழுத்தத்தில் சுமார் 160 கன மீட்டர் இடம் பிடிக்கிற கேஸ் அடங்கியிருக்கும். இந்த எண்ணை நினைவில் வைங்க, கடைசியில தேவைப்படும்.

ஹைட்ரேட் உருவாக நாலு விஷயம் வேணும்: கேஸ், தண்ணீர், குளிர், அழுத்தம். அழுத்தம் கூடக் கூட, குளிர் அவ்வளவா தேவைப்படாது. சுத்தமான மீத்தேனுக்கு 4 டிகிரி செல்சியஸில் சுமார் 40 பார் அழுத்தம் போதும். அழுத்தம் நல்லா ஏறினா 20 டிகிரியில்கூட உருவாகும்.

1930-கள் வரை, குளிர்காலத்துல அமெரிக்கக் கேஸ் குழாய்கள் அடைச்சா, உள்ளே இருப்பது ஐஸ்னுதான் நினைச்சாங்க. 1934-ல் ஹாமர்ஷ்மிட் என்ற பொறியாளர்தான் அடைப்புக்குக் காரணம் ஹைட்ரேட் என்று காட்டினார். தண்ணீரின் உறைநிலைக்கு மேலேயே குழாய் ஏன் அடைக்குது என்ற புதிர் அங்கேதான் அவிழ்ந்தது.

கேஸுக்குள்ள தண்ணீர் எப்படி வந்தது?

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மேல நீர் முத்துமுத்தா படியும் இல்லையா? அது காற்றில் இருந்த ஈரம். பூமிக்கு அடியில சூடா இருக்கிற கேஸும் அப்படித்தான், நீராவியைச் சுமந்துக்கிட்டு வரும். கடலடிக் குழாயில் குளிர்ந்ததும் அந்த ஆவி தண்ணீராகிடும்.

இதுக்கு நல்ல உதாரணம் நார்வேயின் ஓர்மன் லாங்கே கேஸ் வயல். 2007-ல் உற்பத்தி தொடங்கியது. கிணறுகள் 800 முதல் 1,100 மீட்டர் ஆழத்தில். கடல்மேல் மேடையே இல்லை. கிணற்றிலிருந்து வருவது அப்படியே சுமார் 120 கிலோமீட்டர் பயணித்துக் கரையிலிருக்கும் நியூஹாம்னா ஆலைக்குப் போகும். அங்கே கடலடி வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே, சுமார் −1 டிகிரி. உப்பு இருப்பதால் கடல்நீர் உறையவில்லை, அவ்வளவுதான். ஹைட்ரேட்டுக்கு வேண்டிய நாலும் ஒரே குழாயில்!

ரேடியேட்டர் கூலன்ட்தான் மருந்து

அங்கே பயன்படுவது மோனோ எத்திலீன் கிளைகால், சுருக்கமா மெக். கார் ரேடியேட்டர் கூலன்ட்டில் இருக்கிற அதே பொருள். (இனிக்கும், ஆனா விஷம். கூலன்ட் கேனைக் குழந்தைகள் கைக்கு எட்டாம வைங்க.)

கிளைகால் தண்ணீரோட நல்லா ஒட்டிக்கும். அதனால கூடு கட்டத் தண்ணீர் மூலக்கூறுகளுக்குக் 'கை' கிடைக்காது. அப்போ ஹைட்ரேட் உருவாக இன்னும் அதிகக் குளிர் தேவைப்படும்.

எவ்வளவு அதிகம்? ஹாமர்ஷ்மிட் பெயரிலேயே ஒரு தோராயச் சூத்திரம் இருக்கு. குழாயில் இருக்கிற திரவத்தில், எடைக் கணக்கில் 40 சதவீதம் கிளைகால் இருந்தா, சுமார் 14 டிகிரி பாதுகாப்பு. 50 சதவீதம்னா சுமார் 21 டிகிரி.

ஒரு கணக்குப் போடலாம். ஒரு குழாயில் 18 டிகிரியிலேயே ஹைட்ரேட் உருவாகும்னு வைங்க. கடலடி −1. இடைவெளி 19 டிகிரி. 50 சதவீதக் கலவை போட்டா 2 டிகிரி கையிருப்பு. உள்ளே அனுப்பும் கிளைகால் 90 சதவீதம் செறிவு என்றால், ஒவ்வொரு டன் தண்ணீருக்கும் 1.25 டன் அனுப்பணும். தண்ணீரைவிட மருந்து அதிகம்!

ஏன் நிறுத்தாம அனுப்பணும்?

ஏன்னா தண்ணீர் நிறுத்தாம வருது. கிணற்று வாயிலேயே, கேஸின் அழுத்தத்தைக் குறைக்கிற வால்வுக்கு முன்னாடியே, கிளைகாலைச் செலுத்துவாங்க. அழுத்தம் சட்டுனு குறையும்போது கேஸும் சட்டுனு குளிரும் என்பதால் அந்த இடம் ஆபத்தானது. ஓர்மன் லாங்கேயில் கரையிலிருந்தே தனிக் குழாய்களில் கிளைகால் கிணறுகளுக்குப் போகுது. பிறகு தண்ணீரோட கலந்து கேஸோடு கரைக்குத் திரும்பும்.

மெத்தனால் போடக்கூடாதா? அதே எடைக்கு அதன் பலம் அதிகம். ஆனா பெரும்பகுதி ஆவியாகிக் கேஸோடு போய்விடும். கிளைகால் 197 டிகிரியில்தான் கொதிக்கும், அதனால தண்ணீரோடவே தங்கிடும். கரையில் கொதிக்கவிட்டா தண்ணீர் முதலில் போயிடும். மீதமுள்ள கிளைகாலைத் திரும்ப அனுப்பலாம்.

சிக்கல் உப்புதான். நிலத்தடி நீரும் சேர்ந்து வந்தா, அதிலிருக்கும் உப்பு ஒவ்வொரு சுற்றிலும் கிளைகாலில் சேர்ந்துக்கிட்டே போகும். கவனிக்காம விட்டா படிந்து கருவிகளையும் குழாய்களையும் அடைக்கும். அதனால உப்பைப் பிரிக்கத் தனிக் கருவி வேணும்.

அடைச்சுட்டா?

அந்த 160 கன மீட்டர் நினைவிருக்கா? அடைப்பைச் சூடாக்கினா அவ்வளவு கேஸும் வெளியே வரும், போக வழி இருக்காது, குழாய் வெடிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தைக் குறைச்சா, மறுபக்க அழுத்தம் அந்தக் கட்டியைப் பீரங்கிக் குண்டு மாதிரித் தள்ளும். வளைவில் மோதிக் குழாயையே பிளந்துவிடும். இப்படிப்பட்ட விபத்துகளில் தொழிலாளர்கள் இறந்திருக்காங்க. அதனால முடிந்தவரை ரெண்டு பக்கமும் அழுத்தத்தை மெதுவாக் குறைத்து, கட்டி தானா கரையக் காத்திருக்கணும். நாட்கள் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். "சீக்கிரம் முடிங்க"னு மேலிடம் சொல்லும்போது, பொறுமையா இருக்கச் சொல்லும் ஆள்தான் அந்த இடத்தில் உயிர் காப்பவர்.

மெக்சிகோ வளைகுடாவில் அடுத்தடுத்து இறக்கிய சாதனங்களோடு மெத்தனாலையும் சேர்த்து அனுப்பினாங்க. பாடம் அங்கே கிடைத்தது. நார்வேயில் அந்தப் பாடத்தை வடிவமைப்பிலேயே சேர்த்திருந்தாங்க. கடலடியில் ஓடுகிற அந்தக் கிளைகால் குழாய் நிக்காம ஓடுற வரைக்கும் யாரும் அதைப் பற்றிப் பேசப்போறதில்லை. அதுதான் அது சரியா வேலை செய்யுதுங்கிறதுக்கு அடையாளம்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.