பரங்கிப் பிஞ்சு ஏன் உதிர்கிறது?

உங்கள் வீட்டுப் பரங்கிக் கொடி நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லையா? உடனே பூச்சிமருந்தைத் தேடாதீர்கள். பூவின் அடியைப் பாருங்கள். மெல்லிய நீண்ட காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. சிறு பிஞ்சு இருந்தால் பெண் பூ. ஆண் பூக்களே முதலில் தோன்றும். அவை உதிர்வது இயல்பு. ஆனால் பிஞ்சே மஞ்சளித்து விழுந்தால், மகரந்தச் சேர்க்கை நடைபெறவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பரங்கியின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுடையது. காற்று அதைச் சுமக்காது, தேனீக்களே சுமக்கும். விடியலில் மலரும் பூ நண்பகலுக்குள் வாடிவிடும். அந்த நேரத்தில் மருந்து தெளித்தால் தேனீக்கள் மடியும், காயும் கிடைக்காது. தேனீ வராவிட்டால், காலை 9 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். சில நாள்களில் பிஞ்சு பருக்கக் காண்பீர்கள்.