ஒரு நாள், ஒரு தலைப்பு, ஒரு படம்



"செல்போன்ல போட்டோ எடுக்கிறது ஒரு பெரிய விஷயமா?" என்று நீங்க கேட்கலாம். காலாண்டு விடுமுறைக்கு முன்னாடி நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த விடுமுறையில் நாங்க நாலு தோழிகள் சேர்ந்து ஏழு நாள் "தினம் ஒரு தலைப்பு" புகைப்படப் போட்டி வச்சோம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போட்டி எப்படி?

காலையில் ஒரு சொல் தலைப்பாகக் கிடைக்கும். பொழுது சாயறதுக்குள்ள அதுக்கு ஏற்ற ஒரே ஒரு படம் காட்டணும். எத்தனை வேணும்னாலும் எடுக்கலாம், காட்டுவது ஒண்ணுதான். பழைய படம் செல்லாது. உலகம் முழுக்க 30 நாள், 365 நாள் என்று பலர் இப்படிச் செய்கிறார்கள். நம்ம தமிழ்நாட்டிலும் 2014-15 ஆண்டில் திருவண்ணாமலையில் "ப்ராஜெக்ட் 365" நடந்தது. புகைப்படக் கலைஞர் அபுல் கலாம் ஆசாத் முன்னின்று நடத்தினார். பல கலைஞர்கள் ஒரு வருஷம் முழுக்க அந்த ஊரையும் மக்களையும் படம் எடுத்து ஆவணமாக்கினார்கள்.

எங்க தலைப்புகள்: நீலம், வட்டம், நிழல், கை, சத்தம், காத்திருத்தல், வீடு.

முதல் நாள் "நீலம்". நாலு பேருமே கடலை எடுத்துட்டு வந்தோம்! ஒரே சிரிப்பு. அப்புறம்தான் யோசிச்சோம். வலை பின்னும் நூல், தார்ப்பாய், மீன் போடும் டிரம் எல்லாம் நீலம்தானே? தினமும் பார்த்துப் பார்த்து அதெல்லாம் கண்ணுலயே படலை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்களே, அதுபோல நம்ம ஊரும் நமக்குப் புளிச்சிருக்கு. தலைப்பு ஒண்ணு கையில இருந்தால் கண் தேட ஆரம்பிக்கிறது.

"சத்தம்" என்பதை எப்படிப் படம் எடுப்பது? என் தோழி எடுத்தாள்: கன்டெய்னர் லாரி போகும்போது ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு நிற்கும் ஒரு குட்டிப் பையன்!

நான் வாங்கிய திட்டு

நாலாம் நாள் "கை". கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடிச்சிட்டுக் கரை ஏறிய ஒரு ஆயாவைக் கேட்காமலே எடுத்துட்டேன். ஆயாவுக்குக் கோபம் வந்துடுச்சு.

"இன்னாத்துக்கு எடுக்கிற? எண்ணெய் வந்தப்போ ஆளாளுக்கு வந்து படம் புட்ச்சினு போனாங்க. ஒருத்தராவது எனுக்குக் காட்னாங்களா?"

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் பரவியதே, அதைத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துடுச்சு. அவர் முன்னாடியே படத்தை அழிச்சேன். மறுநாள் போய், "ஆயா, உங்க கையை மட்டும் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையைக் கழுவிட்டு நீட்டினார். "எண்ணெய் இல்லாத கை. இத்த எடு" என்றார். ஒரு நாள் தாமதம், அதனால் எனக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் படத்தைப் பிரிண்ட் போட்டு ஆயாவிடம் கொடுத்தேன். அவர் சம்மதத்தோடு இன்னொரு பிரதி இந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கு, பாருங்க.

அப்போதான் ஒண்ணு புரிஞ்சது. நம்ம ஊருக்குக் கெட்டது நடந்தால்தான் கேமரா வருது. அது வேணும், அது சாட்சி. ஆனால் மற்ற நாட்களையும் யாராவது எடுக்கணுமில்லையா? அது நாமதான்.

மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார் அண்ணனின் அம்மா மீன் விற்பவர். அவர் தன் அம்மாவின் உழைப்பையும், துப்புரவுத் தொழிலாளர் போன்ற எத்தனையோ பேரின் வாழ்க்கையையும் படம் எடுத்தார். 2022-இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர் அவர்தான்.

நீங்களும் எடுக்க, சில குறிப்புகள்:

1. முதலில் லென்ஸைத் துணியால் துடைங்க. விரல் பட்ட லென்ஸில் படம் மங்கும்.
2. நமக்குச் சூரியன் கடல் பக்கம் உதிக்கும். காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் படகு கறுப்பு உருவமாகத் தெரியும். முகம் தெளிவாக வேணும்னா கடலுக்கு முதுகு காட்டி நின்னு எடுங்க. உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும்.
3. ஜூம் பண்ணினால் பெரும்பாலும் படத்தின் புள்ளிகளைத்தான் போன் பெரிசாக்கும், தெளிவு போயிடும். காலால் நடந்து கிட்டே போங்க.
4. ஆளை எடுக்கும் முன் கேளுங்க. எடுத்த பின் காட்டுங்க.
5. தண்டவாளம், லாரி போகும் சாலை, துறைமுக வாசல் பக்கம் வேண்டாம்.

போன் இல்லையா? கவலை வேண்டாம். ஒரு அட்டையில் தீப்பெட்டி அளவு ஓட்டை வெட்டி அது வழியாகப் பாருங்க. பார்த்ததை வரைஞ்சோ நாலு வரி எழுதியோ கொடுங்க. எங்களில் ஒருத்தி ஏழு நாளும் அப்படித்தான் கலந்துகிட்டாள். முதல் பரிசும் அவளுக்கே!

வர்ற திங்கட்கிழமைத் தலைப்பு: "கதவு". இந்தச் சுவரில் இடம் இருக்கு. கொண்டு வாங்க!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி