இதயத்திற்கு ஓய்வு

இதயத்தைத் திறந்து செப்பனிட வேண்டுமாயின், அதனுள் குருதி பாயாதிருத்தல் வேண்டும். உடலுக்கோ குருதியோட்டம் தடைபடலாகாது. இம்முரணுக்கு விடை கண்டவர் அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில், 18 வயதுப் பெண்ணொருத்தியின் இதய, நுரையீரல் பணிகளை 26 நிமிடங்கள் பொறியிடம் ஒப்படைத்து, அவள் இதய இடைச்சுவரின் துளையை மூடினார்.

அப்பொறி இன்று பெரிதும் திருந்தியுள்ளது. உயிர்வளியைக் குமிழிகளாகக் குருதியில் செலுத்திய முறை மறைந்து, மெல்லிய சவ்வின் வழியே அது கலக்கிறது. பொட்டாசியக் கரைசல் இதயத்தை அசைவின்றி ஓய்வுறச் செய்து அதன் தசையைக் காக்கிறது. குழாய்களின் நீளம் குறைந்ததால் அவற்றை நிரப்பும் நீர்மமும் குறைந்தது. குருதி நீர்த்துப்போவதும், பிறர் குருதியை ஏற்றும் தேவையும் குறைந்தன. குருதி எளிதில் கிட்டாத நாடுகளுக்கு இதுவே பெரும்பேறு.

அத்தகைய நாடுகளுள் ஒன்று ருவாண்டா. தொண்டைத் தொற்றைத் தொடரும் கீல்வாதக் காய்ச்சல் அங்கே இளையோரின் இதய வால்வுகளைச் சிதைக்கிறது. பாஸ்டனைச் சேர்ந்த 'டீம் ஹார்ட்' தன்னார்வலர்கள் அதன் தலைநகர் கிகாலிக்குச் சென்று அறுவை மருத்துவம் செய்து வருகின்றனர். அறுவை மருத்துவரின் பெயரே வெளியில் தெரியும்; பொறியை இயக்குபவரின் கணநேரக் கவனக்குறைவும் உயிரைப் பறித்துவிடும் என்பதைப் பலர் அறியார்.

இயந்திர வால்வு பெற்றவர் வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் உட்கொள்ள வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் குருதி உறையும். மிகுந்தால் குருதிக்கசிவு நேரும். அளவைக் கணிக்கும் குருதிச் சோதனையோ இடையறாது நடைபெற வேண்டும். வந்த குழு நாடு திரும்பிய பின்னர், அப்பணி உள்ளூர்ச் செவிலியரின் கைகளில்தான் இருக்கிறது.