மோப்பம் ஒரு விளையாட்டு

செலாயாங் சந்தையில் வாங்கி வந்த கோழியை வேகவைத்து, ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு அட்டைப் பெட்டிகளில் ஒன்றில் அதை ஒளித்துவிட்டு, உங்கள் நாயை அவிழ்த்துவிடுங்கள். வால் விறைக்கும், 'புஸ் புஸ்' என்று மூச்சு வேகமெடுக்கும், சரியான பெட்டியின் முன் வந்து நிற்கும். வேட்டைக்குப் பிறந்த மூக்கல்லவா!

இதே விளையாட்டு அமெரிக்காவில் 'நோஸ் வொர்க்' என்ற போட்டியாக வளர்ந்திருக்கிறது. அங்கே நாய் தேடுவது இறைச்சியை அல்ல, கிராம்பு போன்றவற்றின் எண்ணெய் தோய்ந்த பஞ்சுக்குச்சியை!

நம் நாட்டிலும் இந்த மூக்கின் பெருமையைப் பார்த்திருக்கிறோம். 2007-இல் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு கறுப்பு லேப்ரடார்கள் மலேசியாவுக்கு வந்தன. திருட்டு டிவிடிகளைப் பிடிப்பதுதான் வேலை. டிவிடி செய்யப் பயன்படும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் வாசனையை வைத்தே ஜோகூர் பாருவில் பெருங்குவியலைக் காட்டிக்கொடுத்தன. அசல் எது, திருட்டு எது என்று அவற்றுக்குத் தெரியாது. அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் அதிகாரிகள். கள்ளக் கும்பல் அந்த நாய்களின் தலைக்கு விலை வைத்ததாகத் தகவல் வர, பாதுகாப்பைக் கூட்ட வேண்டியதாயிற்று. நாட்டை விட்டுப் புறப்படுமுன் இரண்டுக்கும் பதக்கம் அணிவித்தார்கள்.

வீட்டு வாசலில் கட்டிக்கிடக்கும் உங்கள் நாய்க்கும் அதே மூக்குதான். இன்று மாலை பத்து நிமிடம் தேட விடுங்கள்.