சூட்டு வலி என்று இருந்துவிடாதீர்கள்

“ஏழாம் மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது” என்று இன்றும் சொல்லக் கேட்கிறோம். அது தவறு. வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான். 37 வாரம் நிறையுமுன் பிறந்தால் குறைப்பிரசவம். 2020இல் இந்தியாவில் அப்படிப் பிறந்தவை ஏறத்தாழ 30 லட்சம்.

முன்பு ஒருமுறை குறைப்பிரசவம் ஆனவர்கள் அதை முதல் செக்கப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு அபாயம் கூடுதல். இரட்டைக் கரு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, ரத்தசோகை, புகையிலை, பதின்வயதுக் கர்ப்பம், போதிய இடைவெளி விடாத அடுத்த கர்ப்பம் ஆகியவையும் காரணங்கள். அதிகம் கவனிக்கப்படாதது சிறுநீர்த் தொற்று. எரிச்சலே இல்லாமலும் இருக்கும். பரிசோதனையில்தான் தெரியும், மாத்திரையில் தீரும். வேலையிடத்தில் கழிப்பறைக்கு விடமாட்டார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்களை என்ன சொல்வது? குற்றம் அவர்களுடையதல்ல. இவை எதுவுமே இல்லாமல் குறைப்பிரசவம் ஆகிறவர்களும் ஏராளம். ஆகவே “மாடிப்படி ஏறினாள், அதனால்தான்” என்று மருமகளைக் குத்திக்காட்டுவதை நிறுத்துங்கள். நல்ல நேரம் பார்த்து, அவசியமில்லாமல் முன்கூட்டியே சிசேரியன் கேட்பதையும்.

அடிவயிறு விட்டுவிட்டு இறுகுவது, விடாத இடுப்புவலி, நீர்க்கசிவு, ரத்தக்கசிவு: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். வீட்டில் “சூட்டு வலி” என்று சீரகத் தண்ணீர் கொடுப்பார்கள். சூட்டு வலியாகவே இருக்கலாம். அதை முடிவுசெய்ய வேண்டியது மருத்துவர். 34 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும் நிலை என்றால், குழந்தையின் நுரையீரல் தேற தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது முழுப் பலன் தர ஒரு நாளாவது வேண்டும். கைவைத்தியத்தில் போவது அந்த ஒரு நாள்தான்.

அரசு மருத்துவமனையில் பிரசவமும் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கான சிகிச்சையும் இலவசம். யாராவது பணம் கேட்டால் 104இல் புகார் செய்யலாம். சட்டப்படி மகப்பேறு நலன் பெறும் பெண் ஊழியருக்கு, குறைப்பிரசவத்தால் உடல்நலம் கெட்டால், வழக்கமான மகப்பேறு விடுப்புக்கு மேல் ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. மருத்துவச் சான்றோடு எழுத்தில் கேளுங்கள்.

34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி இல்லையென்றால், கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.